காணிக்கையாகாத முடி

1

நேற்று சித்திரை ஒன்று. அமெரிக்காவின் பிஸ்கட்டவே ஊரில், அக்கா வீட்டில் மாங்காய்ப் பச்சடி, பருப்பு வடை, பாயசம் எல்லாம் ஆயிற்று. வேப்பம்பூ மட்டும் இல்லை. இந்தியக் கடையில் காய்ந்த பூ பாக்கெட்டில் இருந்ததாம். மாமா அதை ஏதோ மூலிகை டீ என்று நினைத்துத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். கசப்பே இல்லாத வருஷப் பிறப்பு என்று அக்கா நாள் முழுக்க அவரைக் குத்திக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் என் போனில் ஒரு செய்தி. தமிழ் எழுத்தில், ஒரு பிழை இல்லாமல். "இனிய புத்தாண்டு வாழ்த்துகள். எங்களுக்கும் இதே நேரம்தான் வைசாகி. வடை மிச்சம் இருந்தா நாளைக்கு எடுத்துட்டு வா. நீ சாப்ட்டுட்டேன்னு மட்டும் சொல்லாத." அனுப்பியவன் பெயர் குர்மீத் சிங். என்னோடு வேலை செய்பவன். தலைப்பாகையும் நெஞ்சு வரை தாடியும் உள்ள சீக்கியன்.

ஒரு மாதத்துக்கு முன் இதே ஆள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். அவன் மேல் தப்பில்லை. நடைபாதையில் நின்றபடி இரண்டு நிமிஷம் நான் பேசிய பேச்சு, அவன் வேலைக்கே உலை வைத்துவிட்டது. வேலை போனால் எங்களைப் போன்ற விசாக்காரர்களுக்கு அறுபது நாள். அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் விமானம். திண்டுக்கல்லில் இருந்து இதைப் படிக்கப்போகும் என் சிநேகிதிகளே, நான் எப்படி இவ்வளவு நல்ல எண்ணத்தோடு இவ்வளவு பெரிய தப்பைச் செய்தேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் மருந்து தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில், தரப் பிரிவில் இருக்கிறேன். யார் எந்த அறைக்குள் எந்த உடையில் எந்தக் காலை முதலில் வைத்து நுழைய வேண்டும் என்று வரிவரியாக எழுதி, கையெழுத்து வாங்கி, கோப்பில் ஏற்றுவது என் பொறுப்பு. அம்மா ஊரில் இன்னும் "பொண்ணு மருந்துக் கம்பெனில டைப்படிக்கிறா" என்றுதான் சொல்லிவருகிறாள். நான் எழுதியதைப் படிக்காமல் அங்கே ஒருவரும் கையுறைகூடப் போட முடியாது என்பதை அவளுக்குப் புரியவைப்பதை நான் கைவிட்டுப் பல காலம் ஆகிறது.

ஜனவரியில் ஒரு நாள் மதியம், சாப்பாட்டு அறையில் இட்லி டப்பாவைத் திறந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"ஏம்மா, அது மொளகாப்பொடி இட்லிதானே? நல்லெண்ணெய் வேற ஊத்திருக்க. அதப் போய் மைக்ரோவேவ்ல வெச்சிக் கெடுத்துறாத."

திரும்பினால் ஆறடி உயரம், கருநீலத் தலைப்பாகை. அதிர்ச்சியில் நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவன் முகத்தைச் சுளித்து, "தமிழ்ல கேட்டா தமிழ்ல சொல்லு மா. நான் எக்மோர்ல பொறந்தவன்" என்றான்.

நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு அவன் குடும்பம் சென்னைக்கு வந்ததாம். அப்பாவுக்குப் புதுப்பேட்டையில் வண்டி உதிரிபாகக் கடை. பள்ளியில் இரண்டாம் மொழி தமிழ். பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட ஏழு மதிப்பெண் அதிகம். வேதிப் பொறியியல் சென்னையில், மேற்படிப்பு டெக்சாஸில். சென்னையில் அவனை எல்லோரும் சேட்டு என்று கூப்பிடுவார்களாம். லூதியானாவில் அத்தை பிள்ளைகளுக்கு அவன் மதராஸி. டெக்சாஸில் ஒரு பெட்ரோல் பங்கில் யாரோ ஒருவன் வாழ்நாளில் இவன் பார்த்தேயிராத ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி, அங்கே திரும்பிப் போ என்று கத்தினானாம். "எந்த ஊருக்குப் போனாலும் நான் வேற ஊரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

கல்லூரி நாட்களில் வாட்ஸாப் குழுவில் சர்தார்ஜி ஜோக் அனுப்பியவர்களில் நானும் உண்டு. அதை அவனிடம் சொல்லவில்லை. பிறகு தினமும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம். அவன் ராஜ்மா டப்பா எனக்கு, என் புளிசாதம் அவனுக்கு. பத்தே நாளில் அவன் தலைப்பாகை என் கண்ணில் படுவது நின்றுவிட்டது. அவன் நம்ம ஊர்க்காரன். அவ்வளவுதான்.

என் தப்பு அங்கேதான் தொடங்கியது என்று இப்போது தெரிகிறது.

3

பிப்ரவரியில் அக்கா மகன் ஆதிக்கு ஒரு வயது நிறைந்தது. மொட்டை பழனிக்கு வேண்டியது. ஆனால் ஊருக்குப் போனால் விசா முத்திரை குத்தித் திரும்பி வர எத்தனை மாதமாகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வீட்டு வரவேற்பறையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, மாமா தன் தாடி டிரிம்மரை எடுத்தார். தாய்மாமன் மடியில் உட்காரவைக்க வேண்டும். எங்கள் அண்ணன் திண்டுக்கல்லில் இருந்து ஐபேடில் தோன்றினான். அவனுக்குப் பிரதிநிதியாக மடி என்னுடையது. ஆதி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டி வந்து கதவைத் தட்டி, குழந்தைக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்துவிட்டுப் போனார்.

எடுத்த முடியை மஞ்சள் துணியில் முடிந்து சமையலறை மேல் தட்டில் வைத்திருக்கிறாள் அக்கா. என்றைக்குப் பழனி போகிறோமோ அன்றைக்கு உண்டியலில் சேரும். இங்கே எனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களில் இப்படி மஞ்சள் முடிச்சு காத்திருக்கிறது.

அதற்கு அடுத்த வாரம் குர்மீத்தைப் புதிய அறைக்கு மாற்றினார்கள். அங்கே கையாளும் மருந்துத் தூள் வீரியமானது. மூச்சில் கொஞ்சம் போனாலும் ஆபத்து. உள்ளே போகிறவர்கள் முகத்தில் அழுந்த உட்காரும் மாஸ்க் போட வேண்டும். காற்று கசிகிறதா என்று வருஷம் ஒருமுறை சோதனை. தாடி இருந்தால் கசியும். விதி தெளிவானது. அதை அழகாக எழுதிவைத்தவளும் நான்தான்.

தாடியை எடுக்க முடியாது, வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்று குர்மீத் விண்ணப்பம் கொடுத்தான். மத நம்பிக்கை சம்பந்தப்பட்டது என்பதால் நிறுவனம் மாற்று ஏற்பாட்டைப் பரிசீலிக்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரி பிரையன் நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். நடைபாதையில் என்னைப் பிடித்தார். நீங்களும் அவரும் ஒரே மாநிலமாமே, இந்தத் தாடி விஷயம் எவ்வளவு கட்டாயம் என்று கேட்டார்.

எனக்குத்தான் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வராதே. உற்சாகமாக ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் முடி என்பது சாமிக்கான வேண்டுதல், போன வாரம்கூட எங்கள் வீட்டில் மொட்டை நடந்தது, எடுத்தால் திரும்ப வளரும், முறைப்படி எடுத்து அவர்கள் கோயிலில் கொடுத்துவிட்டால் தோஷம் ஒன்றும் இருக்காது. இதெல்லாம் என் வாயிலிருந்து வந்தவை. அவனுக்கு வேலை நிலைக்க வேண்டுமே என்ற பதைப்பில் சொன்னேன். பிரையன் தலையாட்டியபடி சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். அவர் எழுதுவதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

4

பத்து நாள் கழித்து குர்மீத் என் மேசைக்கு வந்து ஒரு தாளை வைத்தான். உட்காரவில்லை.

மனிதவளப் பிரிவின் கடிதம். ஒரே பகுதியைச் சேர்ந்த சக ஊழியர் ஒருவர் தெரிவித்த விவரப்படி, குறிப்பிட்ட காலத்துக்குத் தாடியை நீக்குவது அவர் மரபில் அனுமதிக்கப்பட்டதே என்று அறிகிறோம். ஆகவே விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை. மூன்று வாரத்துக்குள் மாஸ்க் சோதனையில் தேற வேண்டும்; தவறினால், வேறு பணியிடம் காலியாக இல்லாததால், வேலை முடிவுக்கு வரும்.

"ஒரே பகுதின்னா நீதானே?"

ஆமாம் என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றேன்.

"தெரியும். நீ நல்லதுக்குத்தான் சொல்லிருப்ப."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் யார்? ஒரு தடவை எடுத்துவிட்டால் என்ன, முடிதானே, வளர்ந்துவிடுமே, பழனியில் நாங்கள் எல்லோரும் கொடுப்பதில்லையா என்று மேலே போனேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை.

"எனக்கு மொட்டை தெரியாதா மா? திருப்பதி போயிட்டு வர்ற பசங்க மண்டைல தட்டித் தட்டியே ஸ்கூல் முடிச்சவன் நான். நீங்க முடியக் குடுத்து சாமிகிட்ட பேசுறீங்க. நாங்க வெச்சிருந்து பேசுறோம். உன்னோடத நான் என்னிக்காவது தப்பு சொன்னேனா? என்னோடத ஏன் நீ குடுத்த?"

தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் முதல் சாப்பாட்டு அறையில் அவன் உட்காரும் மேசை வேறு.

அன்று மாலை அக்காவிடம் புலம்பினேன். சோபாவில் கணக்குப் பாடம் போட்டுக்கொண்டிருந்த நிலா, அக்காவின் எட்டு வயது மகள், நிமிராமலே பேசினாள். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும்.

"சித்தி, யூ டோண்ட் டச் தேர் ஹேர். எவர்."

அவள் வகுப்பில் சிம்ரன் என்று ஒரு சீக்கியப் பெண். அந்தப் பெண்ணின் தம்பி தலையில் கட்டியிருந்த துணியைப் பள்ளிப் பேருந்தில் ஒருவன் இழுத்துவிட்டானாம். பள்ளி முழுவதையும் கூட்டிப் பேசினார்களாம். சிம்ரனின் அம்மா வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் விளக்கினாராம். நிலா அதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இந்தப் பெண் நம்மைவிட்டு விலகிப் போகிறாளே, அகர வரிசைகூடத் தடுமாறுகிறாளே என்று வாரம் ஒருமுறையாவது கவலைப்படுகிறோம். அவள் விலகிப் போன திசையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதை நாங்கள் யோசித்ததில்லை. எனக்கு முப்பது நொடியில் அவள் சொன்னதை நான் பிரையனுக்குச் சொல்லியிருந்தால் போதும்.

5

எனக்கு ஒரு விஷயம் தெரியவில்லை என்று ஆகிவிட்டால் தூக்கம் வராது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அக்காவையும் நிலாவையும் கிளப்பி, சீக்கியர் கோயிலான குருத்வாராவுக்குப் போனேன். குர்மீத் போகும் இடம் இல்லை. அரை மணி நேரத் தொலைவில் வேறொன்று. அவன் முன்னால் போய் நிற்கும் தைரியம் அப்போது இல்லை.

அக்கா ஒரு தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம், ஒரு சீட்டில் எல்லோருடைய பெயரும் நட்சத்திரமும் எழுதி எடுத்து வந்திருந்தாள். செருப்பு வைக்கும் இடத்தில் ஒரு நடுவயதுப் பெண்மணி எங்களுக்குத் தலையை மூடத் துணி கொடுத்தார். அக்கா அவரிடம் அர்ச்சனைச் சீட்டை நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கே அர்ச்சனை கிடையாது, ஆண்டவனுக்கு உங்கள் எல்லோரையும் சீட்டு இல்லாமலே தெரியும் என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்துவிட்டு, பழத்தையும் தேங்காயையும் மட்டும் சந்தோஷமாகச் சமையல் கூடத்துக்கு எடுத்துப் போனார். கற்பூரம் எங்களோடு வீடு திரும்பியது.

உள்ளே பெரிய கூடம். அக்கா என் காதில் கேட்டாள்: "மூலவர் எங்கடி?" மூலவர் இல்லை. மேலே விதானம், கீழே பட்டுத் துணி மூடிய மேடை, அதில் அவர்களின் திருநூல். ஒருவர் பின்னால் நின்று வெண்சாமரம் வீசுகிறார். அரசருக்கு வீசுவது போல. அவர்களுக்கு அந்த நூல்தான் இப்போதைய குரு. குரு நானக் தொடங்கிப் பத்து பேர் மனிதக் குருக்கள். பத்தாமவர் இனி மனிதர் வேண்டாம், இந்தப் பாடல்களே குரு என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் குருக்களின் பாடல்கள் மட்டும் இல்லை. இஸ்லாமிய ஞானியும் இருக்கிறார், நெசவாளியும் தையல்காரரும் தோல் தொழிலாளியும் பாடியவை இருக்கின்றன. எல்லாவற்றின் முன்னாலும் ஒரே மாதிரிதான் நெற்றி தரையில் படுகிறது.

நான் வாரம் முழுக்கப் படித்திருந்தேன். படித்ததைக் கொட்டாமல் இருக்க எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்து நானூற்று அறுபத்தொன்பதில் பஞ்சாபில் பிறந்த நானக்குக்குச் சிறுவயதில் பூணூல் போட வந்தபோது, அறுந்துபோகாத, அழுக்காகாத ஒன்று இருந்தால் போடுங்கள் என்று மறுத்தாராம். உருவமில்லாத ஒரே கடவுள்; அவன் பெயரை நினை, உழைத்துச் சாப்பிடு, இருப்பதைப் பகிர். அடிப்படை இந்த மூன்றுதான். காட்டுக்குப் போகச் சொல்லவில்லை, குடும்பத்தோடு இருந்து செய்யச் சொன்னார். அந்தப் பூணூலை மறுத்த மரபின் ஒன்பதாவது குரு, பிற்காலத்தில், பூணூல் போட்ட காஷ்மீரத்துப் பண்டிதர்கள் தங்கள் வழியில் வாழும் உரிமைக்காக தில்லியில் தலையைக் கொடுத்தார். தனக்கு வேண்டாத ஒன்று அடுத்தவனுக்கு வேண்டியிருக்கலாம் என்பதற்காக ஒருவர் செத்திருக்கிறார். இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நடைபாதையில் நான் செய்தது இதற்கு நேர் எதிர்.

முடியின் கதை அடுத்த தலைமுறையில் வருகிறது. ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது, இதே வைசாகி நாள். பத்தாவது குரு கோவிந்த் சிங் கையில் வாளோடு கூட்டத்தின் முன் நின்று ஒரு தலை வேண்டும் என்று கேட்கிறார். ஒருவர் எழுந்து வருகிறார். பிறகு இன்னொருவர். மொத்தம் ஐந்து பேர், ஐந்து ஊர், ஐந்து சாதி. தலையை வாங்கவில்லை, ஒரே கிண்ணத்து அமிர்தத்தைக் கொடுத்து ஐவரையும் சிங் ஆக்கி, தானும் அவர்கள் கையாலேயே அதை வாங்கிக் குடித்தார். பெண்களுக்குக் கௌர். சாதிப் பெயர் ஒழிந்தது. அன்று முதல் முடியில் கத்தி படக் கூடாது. அந்த ஐந்தில் ஒருவர் நம் தெற்குப் பக்கம், கர்நாடகத்து பீதரிலிருந்து போனவர். அவர் தொழில் என்ன தெரியுமா? முடி திருத்துவது. இனி வெட்டுவதில்லை என்று உறுதியெடுத்த முதல் ஐவரில் ஒரு நாவிதர்! துறவி மொட்டை அடிப்பான் அல்லது ஜடை வளர்ப்பான். இவர்கள் இரண்டும் இல்லை. வளர்த்து, சீவி, முடிந்து, மூடி, வேலைக்குப் போகிறார்கள்.

பிறகு சாப்பாடு. தரையில் நீளப் பாய், எல்லோரும் ஒரே வரிசை. என் இடப்பக்கம் ஒரு லாரி ஓட்டுநர், வலப்பக்கம் ஏதோ மருத்துவமனை அடையாள அட்டையோடு ஒரு பெண். ரொட்டி வந்தபோது நான் தட்டை நீட்டினேன். பரிமாறியவர் காத்திருந்தார். தட்டில் போடமாட்டார்களாம், இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும். நிலா ஏற்கெனவே ஏந்தியிருந்தாள்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவிலும் வரிசையாகத்தான் உட்கார்ந்து சாப்பிடுவோம். எந்த வரிசையில் யார் என்று நாங்கள் வருவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். அதை நான் இத்தனை வருஷம் ஒரு வரிசை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

6

திங்கட்கிழமை காலையே பிரையனுக்கும் மனிதவளப் பிரிவுக்கும் எழுதினேன். அன்று நான் சொன்னது என் குடும்பத்து வழக்கம், குர்மீத்தின் வழக்கம் அல்ல. அவர் மதத்தைப் பற்றிப் பேச எனக்கு அறிவும் இல்லை, உரிமையும் இல்லை. என் பேச்சை ஆதாரமாகக் கொண்ட வரியை நீக்கிவிடுங்கள். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் நாலு தடவை படித்துப் பார்த்தேன். தப்பு என்று எழுத்தில் ஒப்புக்கொள்வதை எங்கள் துறையில் யாரும் மறப்பதில்லை.

அடுத்து உட்கார்ந்து சீக்கிய மதம் பற்றி மூன்று பக்க விளக்கம் தயாரித்தேன். நானக்கில் தொடங்கி வரலாறு, தலைப்புகள், உட்தலைப்புகள். இந்த முறை யாருக்கும் அனுப்பவில்லை. குர்மீத்துக்கு மட்டும் அனுப்பி, நீ சரி என்று சொன்னால்தான் வெளியே போகும் என்று எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் மதியம் அச்செடுத்த தாள்களோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"என்னாமா இது, பிஎச்டி பண்றியா?"

பேனாவை எடுத்து முதல் பக்கத்திலேயே ஒரு வட்டம் போட்டான். சீக்கியர்கள் உடலில் தரிக்கும் ஐந்து அடையாளங்களில் ஒன்றாகத் தலைப்பாகையைச் சேர்த்திருந்தேன்.

"அஞ்சுல தலைப்பா கெடையாது. வெட்டாத முடி, சீப்பு, இரும்புக் காப்பு, குறுவாள், அரைக்கால் உள்ளாடை. அதான் அஞ்சு. தலைப்பா முடிக்குக் காவல். அப்புறம் நான் இன்னும் அமிர்தம் எடுக்கல. அதனால கத்தி வெச்சுக்கல. முடியும் காப்பும்தான். இல்லாததையெல்லாம் எழுதி வெச்சு, பிரையன் என் இடுப்புல தேடப்போறாரு."

பிரையனும் அவனிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாராம்: தன் பக்கத்து வீட்டு சிங் தாடியை மழிக்கிறாரே, அது எப்படி? நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"அவரு முடி, அவரு இஷ்டம். என் முடி அவரு இஷ்டம் இல்லன்னேன்."

பிறகு மூன்று பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டான். வெறும் தாளில் ஒரே வரி எழுதினான். நான் முடியை வெட்டுவதில்லை; முகத்தில் அழுந்தாத பாதுகாப்புக் கவசம் எதுவானாலும் அணிந்து இந்த வேலையைச் செய்யத் தயார். பதினாறு வருஷம் படித்த பெண் நான். அந்த ஒரு வரியில் இருந்தது என் மூன்று பக்கத்தில் இல்லை.

ஆனால் கோப்பு என்று வந்துவிட்டால் நான் லேசுப்பட்டவள் அல்ல. அழுந்தாத கவசம் என்று அவன் எழுதியதைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. நான் எழுதிய விதிமுறையிலேயே, பின்னிணைப்பில், அப்படி ஒன்று இருந்தது. தலை முழுவதையும் தொளதொளவென்று மூடும் ஹூட். இடுப்பில் பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளும். முக அமைப்பால் மாஸ்க் சரியாக உட்காராத இரண்டு பேருக்காக எப்போதோ வாங்கியது, அடுத்த கட்டடத்து அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. தாடிக்காரர்களுக்கு அது பொருந்தும். யாரும் இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான். யோசிக்க அவசியம் இல்லாமல் செய்தவள் நான்.

விதிமுறையைத் திருத்த ஏழு கையெழுத்து வேண்டும். கெடு முடிய ஒன்பது நாள் இருந்தது. மாற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் மதம் என்று எழுத மனம் வரவில்லை. ஒரு சீக்கியனுக்காகக் காட்டிய சலுகை என்று ஆகிவிட்டால், அடுத்து வரும் பிரையன் அதை அடித்துவிடலாம். முகத்தில் முடி உள்ள எந்த ஊழியரும் இந்த ஹூட்டைத் தேர்ந்தெடுக்கலாம் என்று எழுதினேன். நாலாவது கையெழுத்துக்காரர் விடுமுறையில் இருந்தார். அவருடைய மாற்று ஆளைத் தேடிப் பிடித்தேன். ஆறாவது மேலாளர் ஒரு காற்புள்ளியை நகர்த்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார். நகர்த்தினேன். ஏழாவது பிரையன். அவர் படித்துவிட்டு, இதை ஏன் முதலிலேயே என்னிடம் கேட்கவில்லை என்று குர்மீத்தைக் கேட்டாராம். நீங்கள் என்னைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டீர்கள் என்று இவன் சொன்னானாம். பிரையன் தாடையைத் தடவிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கெடு வெள்ளிக்கிழமை. கையெழுத்து புதன்கிழமை.

7

வெள்ளிக்கிழமை காலை முதல் முறையாக அறைக்குள் போவதற்கு முன், மாஸ்க் சோதனைக்குப் பதில் ஹூட்டோடு ஒரு செயல்முறைச் சோதனை. புதிய விதியை எழுதியவள் என்ற முறையில் நான் கூடவே நிற்க வேண்டும். காப்புக்குச் சிக்கல் இல்லை; கல்யாண மோதிரத்துக்கு என்ன விதியோ அதுவே, இரட்டைக் கையுறைக்குள் டேப் ஒட்டி. ஆனால் அவன் வழக்கமாகக் கட்டும் தலைப்பாகை ஹூட்டுக்குள் நுழையவில்லை. அதற்காகப் பாதி நீளத்தில் ஒரு வெள்ளைத் துணியை எங்கள் சலவைப் பிரிவில் துவைத்து உறையில் போட்டு வைத்திருந்தான். சின்னதாக, இறுக்கமாகக் கட்டிக்கொள்ள வேண்டும்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே நடைபாதையில் துணியைப் பிரித்துக்கொண்டு நின்றவன் இங்கும் அங்கும் பார்த்தான். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன்.

"கதவுக்குக் கைப்பிடி எங்க?"

எங்கள் கதவுகளுக்குக் கைப்பிடி கிடையாது. கிருமி ஒட்டும் என்று எல்லாம் கையசைத்தால் திறக்கும் கதவுகள். எதற்குக் கைப்பிடி?

தலைப்பாகைத் துணியைக் கட்டுவதற்கு முன் நீளவாக்கில் இழுத்து மடிக்க வேண்டுமாம். அதற்கு இரண்டு முனையிலும் ஆள் வேண்டும். சென்னையில் அம்மா ஒரு முனை, இவன் ஒரு முனை. அம்மாவுக்குக் கை வேலையாக இருந்தால் தங்கச்சி.

"இங்க வந்து ஆறு வருஷமா கதவுக் கைப்பிடிதான் எனக்கு அம்மா" என்றான்.

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். கேட்கட்டும் என்று காத்திருந்தேன். இந்த முறை நானாக எதையும் எடுக்கப்போவதில்லை. அவன் துணியின் இரண்டு முனைகளையும் தேடி எடுத்தான். பிறகு ஒரு முனையை என்னிடம் நீட்டினான்.

"ரெண்டு மூலையையும் சேத்துப் புடி. கட்டை வெரல் உள்ள. அங்க போய் நில்லு."

நடைபாதையின் மறுமுனைக்குப் பின்னோக்கி நடந்தேன். துணி எங்கள் இருவருக்கும் நடுவில் தூக்கி நின்றது. வீட்டில் அக்காவும் நானும் பட்டுப்புடவை மடிப்பது போலத்தான். ஆனால் புடவையை இவ்வளவு பயந்து நான் பிடித்ததில்லை.

"இழுமா. இன்னும். லூசா விட்டா உள்ள போனதும் அவுந்துரும்."

இழுத்தேன். அவன் ஓரத்தை உள்ளே மடித்து மடித்து, அகலமான துணி நாலு விரல் பட்டையாகும் வரை என்னை நோக்கி நடந்து வந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரையன் கையில் சோதனைப் படிவத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நேரமாகிறதே, விட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.

"நான் சொல்ற வரைக்கும் விடாத" என்றான் குர்மீத்.